அந்தப் போத்தலில் இருந்ததும் தாய்ப்பால்தான்

எந்தப் படம், யார் எழுதிய கருத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திருகோணமலையில் முகநூல் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். டச் பே கடற்கரையில் ஒரு தங்கை மடியில் பிள்ளையோடு அமர்ந்திருக்கிறாள், பிள்ளையின் வாயில் போத்தல். அதன் கீழே ஒரு பெரிய மனிதர் எழுதுகிறார்: "பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் வயிறு எப்படியம்மா வற்றும்? தாய்ப்பால் கொடுத்துப் பார், தானாக இறங்கும்." அதற்குச் சிரித்தவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் இருக்கிறார்கள். பெண்களும் இருக்கிறார்கள். மறுநாள் அவள் படத்தையே எடுத்துவிட்டாள்.

அந்தப் போத்தலில் இருந்தது பால்மா அல்ல, அவளுடைய பால். பம்பில் எடுத்து, குளிரில் வைத்து, இளஞ்சூட்டு நீரில் போத்தலை நிறுத்திச் சூடாக்கிக் கொண்டு போன பால். அதை அவளே பதிலாக எழுதியும் ஒருவரும் சிரிப்பைத் திரும்பப் பெறவில்லை.

பிள்ளை நேரே குடித்தாலும் பம்பில் எடுத்தாலும் பாலைச் சுரப்பது அதே உடம்பு. முழுக்கத் தாய்ப்பாலில் வளரும் பிள்ளைக்காகத் தாயின் உடம்பு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் செலவழிக்கிறது. பால் எந்த வழியாக வெளியே போயிற்று என்று உடம்பு கணக்குப் பார்ப்பதில்லை. மார்பு வெறுமையானால் அடுத்த பால் சுரக்கும், தேங்கி நின்றால் சுரப்புக் குறையும். அதனால்தான் பம்ப் வைத்திருக்கிறவள் நடுச்சாமத்திலும் எழும்புகிறாள். பிள்ளை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் இல்லை. பால் கட்டி மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடிக்கும் வேதனையை அந்தப் பெரிய மனிதர் தன் வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கட்டும்.

பால் கொடுத்தால் எடை தானாக இறங்கிவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். சிலருக்கு இறங்கும். சிலருக்கு இறங்காது. பால் குடி மறக்கும்வரை உடம்பு விட்டுக்கொடுக்காத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு செலவழிக்கிறது என்றால் அதற்கு ஏற்பப் பசியும் வருகிறது, தூக்கமில்லாத உடம்பு இன்னும் பசிக்கிறது. கருப்பை பழைய அளவுக்குத் திரும்பவே ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். விலகிப் போன வயிற்றுத் தசைகள் கூடுவதற்கு அதைவிட நாளாகும். ஒன்பது மாதமாகக் கூடிய எடை, சிரித்தவர்கள் குறித்துக் கொடுத்த திகதியில் குறைய வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு இராச் சாப்பாட்டை நிறுத்திய பெண்களை எனக்குத் தெரியும். பால் கொடுக்கும் காலத்தில் பட்டினி! அதற்கு யார் பொறுப்பு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் கணவர்கூடக் கேட்டார். என் மகன் பிறந்து நான் வேலைக்குத் திரும்பியது 2022இன் தொடக்கத்தில். அலுவலகத்தில் பால் எடுக்க ஓர் இடம் கேட்டேன். பழைய கோப்புகள் அடுக்கிய களஞ்சிய அறையைக் காட்டினார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு கதிரையைக் கதவோடு அணைத்துப் போட்டு, அதன் மேலேயே நான் உட்காருவேன். யாராவது தள்ளினால் முதுகில் தெரியும். பதற்றத்தில் பால் இறங்காது. இதை நான் சாட்டுக்குச் சொல்லவில்லை. பாலை இறக்குகிற ஒக்சிடோசின் என்ற ஓமோன் பயத்திலும் அவசரத்திலும் அடங்கிப் போகும். கைபேசியில் மகனின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் சொட்டத் தொடங்கும்.

அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எடுத்த பாலை 25 பாகை வெப்பம்வரை நான்கு மணி நேரம் வெளியில் வைக்கலாம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்கள் வைக்கலாம். பங்குனி வெயிலில் திருகோணமலையில் 25 பாகை எங்கே இருக்கிறது? ஒரு மாலை வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே வெக்கை. குளிரில் இருக்கும் தாய்ப்பால் இரண்டாகப் பிரிந்து நிற்கும், மேலே மஞ்சள் படிந்த கொழுப்பு, கீழே இலேசாக நீலம் ஓடிய நீர்ப்பால். இலேசாக ஆட்டினால் ஒன்றாகிவிடும். அன்றைக்கு ஆட்டிப் பார்த்தேன், சேரவில்லை, புளித்த வாடை வந்தது. எல்லாப் போத்தலையும் முற்றத்து முருங்கையடியில் ஊற்றினேன். அழுதேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற மாமி அப்போது சொன்னார்: "நீ போத்தல் போத்தல் என்று திரியாமல் மடியில் போட்டுக் கொடுத்திருந்தால் உடம்பும் இறங்கியிருக்கும்." மாமி நல்லவர். பகல் முழுக்க என் பிள்ளையைப் பார்த்தவர். ஆனால் அந்தச் சொல் இன்றைக்கும் உள்ளே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதே சொல்லை ஊர் முழுக்கச் சிரித்துச் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

"அக்கறையில்தானே சொன்னார்" என்று உள்பெட்டியில் எழுதுகிறீர்கள். அக்கறை உள்ளவர் முதலில் "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேட்பார். அதுவும் தனியாகக் கேட்பார்.

"அம்மம்மா காலத்தில் பம்ப் இருந்ததா" என்று ஓர் அண்ணா கேட்கிறார். இருக்கவில்லை அண்ணா. அம்மம்மாவுக்குச் சரக்குக்கறி அரைக்க ஓர் ஆள், பால்சுறா வாங்கி வர ஓர் ஆள், வேதுத் தண்ணீர் கொதிக்கவைத்து வார்க்க ஓர் ஆள் இருந்தார்கள். துடக்குக் கழியும்வரை பாயை விட்டு எழும்ப விடவில்லை. நான்காம் மாதத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போகச் சொல்லவும் இல்லை.

போத்தலுக்குப் பழகினால் பிள்ளை மார்பை மறுக்கும், கிண்ணத்தில் கொடுப்பதுதான் நல்லது என்று ஒரு தாதி சகோதரி எழுதியிருந்தார். அது சரி. கிளினிக்கிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், முடிந்தவர்கள் கிண்ணத்தில் கொடுங்கள். அவர் மரியாதையாகவும் எழுதினார், அவரோடு எனக்குச் சண்டையில்லை.

இன்னொன்று. அந்தப் போத்தலில் பால்மாவே இருந்திருந்தாலும் அந்தச் சிரிப்பு தப்புத்தான். பால் சுரக்காமல் தவித்து, மருத்துவர் சொல்லிப் பால்மா வாங்குகிற தாய்மாரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

தாய்ப்பாலூட்டல் பற்றிய உலக மதிப்பீட்டில் 2020இல் இலங்கை 100க்கு 91 புள்ளி எடுத்து முதலிடத்தில் நின்றது. எனக்கும் அதில் பெருமைதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சுவரொட்டி தொங்குகிறது. சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ விடுமுறையோ 84 வேலை நாட்கள், ஏறத்தாழ நான்கு மாதம். அதிலும் ஒரு பகுதி பலருக்குப் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடும். மிச்ச மாதங்களுக்குப் பால் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பம்பிலிருந்துதான் வரும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டத் தாய்க்கு நாளுக்கு இரண்டு இடைவேளை கொடுக்கச் சொல்கிறது. வேலைத்தளத்தில் பிள்ளையைப் பராமரிக்க இடம் இருந்தால் தலா அரை மணி நேரம், இல்லாவிட்டால் தலா ஒரு மணி நேரம். அந்தப் படத்துக்குக் கீழே கூடிய கூட்டத்தில் நிறுவனம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் பெயர்களை நான் பார்த்தேன். உங்களிடம் வேலை செய்யும் தாய்க்கு இந்த இடைவேளையைக் கொடுக்கிறீர்களா? ஓர் அறை கொடுத்திருக்கிறீர்களா?

நான் விட்டு வந்த அந்த அலுவலகத்தில் இப்போது இன்னொரு தங்கை அதே களஞ்சிய அறைக்குப் போய் வருகிறாள். தாழ்ப்பாள் இன்னும் போடவில்லையாம். மத்திய வீதியில் எந்த இரும்புச் சாமான் கடையிலும் ஒரு தாழ்ப்பாள் கிடைக்கும். இந்த வாரமே வாங்கிப் பூட்டிக் கொடுங்கள். காசு இல்லை என்றால் என்னிடம் கேளுங்கள், நான் தருகிறேன்.