அந்த 72 பேரில் ஒருவர்

2023 மே 16 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பிரதிநிதிகள் சபையில் 72 பேர் ஒரு பக்கம், 48 பேர் மறுபக்கம். கருக்கலைப்புக்கான வரம்பை 20 வாரத்திலிருந்து 12 வாரமாகக் குறைக்கும் குடியரசுக் கட்சியின் மசோதாவை அப்போதைய ஆளுநர் ராய் கூப்பர் வீட்டோ செய்து தடுத்திருந்தார். அதை முறியடிக்க ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 120 பேரும் வந்திருக்கும் சபையில் அது சரியாக 72. ஒரே ஒருவர் மாறி வாக்களித்திருந்தாலும் மசோதா அன்றே செத்திருக்கும். அந்த 72 பேரில் ட்ரிஷா காத்தமும் இருந்தார்.

யார் இவர்? 2022 நவம்பரில் ஷார்லட் நகரை ஒட்டிய ஒரு தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்காரராக நின்று சுலபமாக வென்றவர். கருக்கலைப்பு உரிமையைக் காப்பேன் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார். 2023 ஜனவரியில், கருக்கலைப்பை அமெரிக்கா முழுவதும் உரிமையாக்கியிருந்த ரோ எதிர் வேட் தீர்ப்பு தந்த பாதுகாப்பை மாநிலச் சட்டமாக்கும் மசோதாவில் கையெழுத்தும் போட்டார். ஏப்ரலில் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். சொந்தக் கட்சியினர் தன்னை மோசமாக நடத்தினார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. கட்சியோடு சண்டை என்றால் கட்சியை விட்டுப் போகட்டும். ஆனால் அந்த வாக்குறுதி கட்சிக்குக் கொடுத்தது அல்லவே!

எனக்கு உறுத்துவது இன்னொன்று. 2015-ல் இதே சபையில், கருக்கலைப்புக்கு முன் காத்திருக்கும் நேரத்தை 24 மணியிலிருந்து 72 மணியாக்கும் மசோதா வந்தது. அப்போதும் அங்கே உறுப்பினராக இருந்த காத்தம் எழுந்து, தன் சொந்தக் கருவுறுதல் எப்படி முடிக்கப்பட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லி அதை எதிர்த்தார். எல்லோர் முன்னும் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! எட்டு வருடம் கழித்து அவர் ஆதரித்த சட்டம் என்ன செய்தது தெரியுமா? அதே 72 மணி நேரத்துக்கு முந்தைய ஆலோசனையைப் போனில் முடிக்க முடியாது, நேரில்தான் வர வேண்டும் என்றது. வெளியூரிலிருந்து வரும் பெண்ணுக்கு இரண்டு பயணம், இரண்டு நாள் விடுப்பு.

காத்தமின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாக்குறுதியைக் கண்காணிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள குடியரசுக் கட்சியின் வேறு இருவர்தான் சரியான பாடம். டெட் டேவிஸ் இருக்கிற சட்டமே போதும் என்று பிரசாரத்தில் சொன்னவர். மசோதா முதலில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் சபையிலேயே இல்லை. வீட்டோவை முறியடிக்கும் நாளில் வந்து ஆதரித்தார். மாநில மேலவையான செனட்டின் உறுப்பினர் மைக்கேல் லீ இன்னும் கெட்டிக்காரர்: முதல் மூன்று மாதத்தில் தடை விதிப்பதை எதிர்க்கிறேன் என்றார். 12 வாரம் என்பது ஏறக்குறைய அந்த மூன்று மாதம்தான். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் பொய் இல்லை. கேட்டவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது வேறு கதை. செனட்டிலும் 50-க்கு 30, அதுவும் மயிரிழைதான்.

அதனால்தான் ‘காப்பாற்றினார், மீறினார்’ என்று முத்திரை குத்தும் பட்டியல்கள் எனக்குப் போதவில்லை. மசோதாவில் பெயர் சேர்ப்பதற்குச் செலவே கிடையாது, பெரும்பான்மை இல்லாத கட்சியில் இருக்கும்போது அது சும்மா ஒரு கையெழுத்து. வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எத்தனையாவது வாரம் வரை? விதிவிலக்கு யாருக்கு? வீட்டோ வந்தால் எந்தப் பக்கம்? வாக்கெடுப்பு நாளில் சபைக்கு வருவீர்களா? கடைசிக் கேள்வியைக் கிண்டலாகக் கேட்கவில்லை.

கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டம் அங்கே இல்லை. 2024-ல் மாற்றி வரையப்பட்ட தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளராக நின்று, சில நூறு வாக்குகளில் காத்தம் மறுபடியும் ஜெயித்தார். அவருடைய கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்த இடங்கள் 71. இனி வீட்டோவை முறியடிக்க எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும், அல்லது அவர்களில் சிலர் அன்றைக்கு மட்டம் போட வேண்டும். அந்தத் தொகுதிக்காரர்கள் தங்கள் உறுப்பினரின் 2024 பிரசார நோட்டீஸைப் பழைய பேப்பரில் போடாமல் இருப்பது நல்லது.