மலையகக் குறும்படத்தில் தராசைக் காணோம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கம் நம் பிள்ளைகள் எடுத்து யூடியூபில் ஏற்றுகிற படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ட்ரோன் மேலே எழும்பும், பச்சை மலை விரியும், கூடை சுமந்த பெண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். குற்றக் கதையென்றால் அடுத்து கத்தி வரும், கும்பல் வரும், பேச்சு சென்னைப் பேச்சாக மாறிவிடும்.

மலையைத் தூரத்தில் நின்று அழகாகக் காட்டுவது தேயிலை விற்பவர்களுக்குத் தேவைப்பட்டது. 1934இல் பிரிட்டிஷ் இயக்குநர் பேசில் ரைட் இந்தத் தீவைப் பற்றி எடுத்த பேர்போன ஆவணப்படத்துக்குப் பின்னால் இருந்தது தேயிலைப் பிரசாரச் சபைதான். லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், பிறந்தவர்கள் எடுக்கும் படம் ஏன் அதே உயரத்தில் தொடங்க வேண்டும்?

குற்றக் கதை வேண்டுமா? கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வாருங்கள். 18 கிலோ எடுத்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு முழுநாள் சம்பளம், என்று வைத்துக்கொள்வோம். காலையில் 7, மத்தியானம் 6, பின்னேரம் 7. மொத்தம் 20 கிலோ. ஒவ்வொரு தரமும் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒரு கிலோ கழித்தால் கணக்கில் 17தான் ஏறும். அரைப்பேர். மூன்று கிலோ கழிவில் அரைநாள் சம்பளம் போய்விட்டது. இதைவிடப் பெரிய திருட்டைக் காட்ட எந்தத் துப்பாக்கியும் தேவையில்லை. தராசு முள், அதைப் பார்க்கும் அவளுடைய கண், கணக்கப்பிள்ளையின் பேனை. இந்த மூன்றையும் கிட்டத்தில் எடுத்து, கொக்கியில் சாக்கு மாட்டும் சத்தத்தைத் தனியாகப் பதிந்தால் பார்ப்பவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

உண்மையான நிறுவையில் கெமரா வைக்க விடமாட்டார்கள். விட்டாலும் அங்கே நிற்பவர்களுக்குத்தான் ஆபத்து. ஒரு பழைய தொங்கு தராசை வாங்கி, மூன்று கம்பை முக்காலியாகக் கட்டிச் சொந்தக் காணியொன்றில் தொங்கவிடலாம். சாக்கு முழுக்கக் கொழுந்து வேண்டியதில்லை. அடியில் மானாப்புல்லை அடைத்து, மேலே ஒரு சாண் மட்டும் பச்சைக் கொழுந்தைப் போட்டால் போதும். வெயிலில் கொழுந்து சீக்கிரம் வாடும், கசங்கினால் சிவக்கும். ஆகவே கிட்டத்துக் காட்சிக்கு நாலைந்து கிலோவை நிழலில் பரப்பி வைத்து, ஒவ்வொரு எடுப்புக்கும் புதிதாகத் தூவ வேண்டும்.

பனிமூட்டம் இன்னொரு சிக்கல். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் முகத்தை வெளிச்சத்தில் எடுத்து முடித்திருப்பீர்கள், மற்றவர் முகத்துக்குத் திரும்புவதற்குள் மலையே மறைந்துவிடும். வெட்டி ஒட்டும்போது இரண்டும் இரண்டு நாள் போல இருக்கும். தூரக் காட்சிகளை முதலில் முடித்துவிட்டு, கிட்டத்துக் காட்சிகளை மேட்டுப்பக்க மண்ணையோ சுவரையோ பின்னால் வைத்து எடுங்கள். அங்கே மூட்டம் வந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

இதையெல்லாம்விட நம் படங்களைக் கொல்வது ஒலி. கையில் உள்ள காசில் ட்ரோனை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதைவிட ஒரு நல்ல மைக்கும் அதற்கு ரோமக் கவசமும் எடுப்பதுதான் புத்தி என்பது என் உறுதியான கருத்து. பஞ்சுக் கவசம் மலைக் காற்றைத் தாங்காது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் பேட்டியை நிறுத்திவிடுங்கள். குரலைக் கெடுக்காமல் அந்த இரைச்சலை மென்பொருளால் எடுப்பது கஷ்டம். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது, அடுத்த காம்பராவின் (அறையின்) டீவி நம் காம்பராவில் கேட்கும். ஆட்கள் வேலைக்குப் போனபின், காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் பேசவையுங்கள். பேசுபவருக்குப் பின்னால் ஒன்று, எதிரில் ஒன்றாக இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். சட்டை மைக்கைத் தாலியோ பாசிமணியோ உரசாமல் ஒட்டுங்கள். ஒலியளவின் உச்சம் கழித்தல் 12 டெசிபெலைத் தாண்டக்கூடாது. முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் காம்பராவின் சத்தத்தைப் பதியுங்கள். வெட்டும் இடங்களை மூடுவதற்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

வெளிச்சத்துக்கு இரண்டே விஷயம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 30 பிரேமில் எடுக்கும் போன், பல்பு வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகளை ஓடவிடும். 25 பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வைத்தால் நின்றுவிடும். அடுத்தது, புகை படிந்த காம்பராவில் வாசலுக்கு முதுகைக் காட்டி ஆளை உட்காரவைக்காதீர்கள். மூன்றடி உள்ளே, வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் கறுத்த முகமும் உயிரோடு தெரியும்.

சொந்தக் குடும்பத்தைப் பற்றிய ஆவணப்படங்கள்தான் இப்போது நமக்கு அதிகம் வரவேண்டும். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நம் ஆட்களில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஒப்பாரிக் கோச்சி என்று அழுகையால் பேர்பெற்ற ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களின் அக்கா தங்கச்சிகள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லும் கிழவிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவரிடம் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்க அம்மாயி" என்று கேட்டால் எல்லாரும் சொல்வதைத்தான் சொல்வார். "கோச்சி ஏறுற அன்னைக்கு என்ன சமைச்சீங்க? பெட்டியில என்ன வச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

சுவரில் தொங்கும் பழைய படங்களில் ஈரத்தால் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிரித்தால் முகம் உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடேயே ஜன்னலோரம் வையுங்கள், பிளாஷ் வேண்டாம். கறுப்புத் துணியில் ஓர் ஓட்டை போட்டு அதன் வழியாகக் கெமராவை நீட்டினால் நம் நிழல் கண்ணாடியில் விழாது. எடுத்த அன்று இரவே இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில்.

படம் முடிந்ததும் யூடியூபுக்கு முன்னால் லயத்தில், கோயில் வாசலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டுங்கள். சிங்களத்தில் வசனவரி போட மறக்காதீர்கள். பக்கத்து ஊருக்கே நம் கதை தெரியாது. நிறுவையைப் பற்றி முகத்தைக் காட்டிப் பேசியவரிடம், படத்தை முழுதாகப் பார்த்தபின் இன்னொரு தரம் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் குரலை மட்டும் வைத்து, முகத்துக்குப் பதில் கொழுந்தெடுக்கும் கையையும் இடுப்பில் கட்டிய படங்கையும் வையுங்கள். சம்மதித்த குரலையும் பதிந்து, படத்தின் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.