போட் கீ சாக்கடை அல்ல

சிங்கப்பூர் ஆற்றங்கரையிலுள்ள போட் கீயைப் பற்றி நேற்றிலிருந்து எல்லார் பக்கத்திலும் ஓடும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஆற்றைச் சுத்தம் செய்யும்வரை இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் சாக்கடை" என்று அதில் பேசுபவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கீழே நம் ஆட்களே கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

ஒன்றுமே இல்லையா? 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீயில்தான் நடந்தது. தொடக்கத்தில் சரக்குப் படகோட்டிகளில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், சூலியாக்கள். சீனர்கள் அதில் முந்தியது பிறகுதான். 1869இல் கட்டிய கேவனா பாலம் தாழ்வானது. நீர் ஏறிவிட்டால் தொங்கான் என்ற சரக்குப் படகுகள் அடியில் நுழைய முடியாமல், வற்றும்வரை காத்துக்கிடக்கும். பக்கத்திலேயே மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கிகளில் அவர்களின் வட்டிக்கடைகள். தொழில் நடந்த இடமய்யா அது!

"நாறியது உண்மைதானே?" உண்மைதான். ஆனால் படகுக்காரர்கள் மட்டுமா அழுக்காக்கினார்கள்? கழிவுநீர்க் குழாயே இல்லாத குடியிருப்புகள், தெருவோரக் கடைகள் என்று எல்லாக் கழிவும் அதில்தான் இறங்கியது. 1977இல் தொடங்கி 1987இல் முடிந்த அந்தச் சுத்திகரிப்பு தேவையானதுதான். நான் மறுக்கவே இல்லை. அதற்காக அங்கே உழைத்தவர்களையும் சேர்த்தா கழுவிவிடுவது?

என் அப்பா அங்கே ஒரு கிடங்கில் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. அவர் சட்டையில் ரப்பர் வாடையும் சேற்று வாடையும் போகாது என்று அம்மா தனியாகத் துவைப்பார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். 1983இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். அப்புறம் கிடங்குக்கு என்ன வேலை? மூடிவிட்டார்கள். போன வருடம் குடும்பமாக அங்கே சாப்பிடப் போனபோது அப்பா ஒரு தூணைத் தொட்டு, "தராசு இங்கதான் இருந்துச்சு" என்றார். வழியில் நிற்காதீர்கள் என்று நகரச் சொன்னார்கள். எண்பதைத் தாண்டிய மனிதர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"அதுதான் 1989இலேயே கடைவீடுகளைப் பாதுகாத்துவிட்டார்களே, கூலிகளுக்கும் செட்டியாருக்கும் சிலைகூட இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அந்தக் காணொளிக்காரர் ஒன்றுமே இல்லை என்கிறார்! மதுக்கடைகள் இருக்கட்டும், சுற்றுலா நடக்கட்டும், பழசுக்குத் திரும்பச் சொல்லவில்லை. இங்கே மூட்டை தூக்கினார்கள், கணக்கு எழுதினார்கள், படகு ஓட்டினார்கள் என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்?

இதையெல்லாம் அங்கேயே மரியாதையாகப் பின்னூட்டமாக எழுதினேன். அழித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கைதட்டியவர்களில் என் நண்பர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள், பதில் சொல்லுங்கள்.