இணையத்துக்கு முன்பே வந்த கல்வி
‘இணையம் பெற்றெடுத்ததுதான் தொலைதூரக் கல்வி’ என்று தொலைதூரக் கல்வி பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஒரே பென்னி கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் தபால் முறை நடைமுறைக்கு வந்த 1840-லேயே, தன் பெயரிலான சுருக்கெழுத்து முறையை உருவாக்கிய ஐசக் பிட்மன் அதன் பாடங்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கிவிட்டார். மாணவர்கள் எழுதி அனுப்பிய பயிற்சிகள் திருத்தப்பட்டு அவர்களிடமே திரும்பிப் போயின. இந்தத் திருத்தம்தான் முக்கியம் என்பேன். பாடத்தை அனுப்புவது யாருக்கும் எளிது, படித்தவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஒருவர் பார்த்துச் சொல்லும்போதுதான் அது கல்வியாகிறது. 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு வராதவர்களும் பட்டத் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்தது. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடி சட்டம் படித்ததும் இந்த அஞ்சல் வழியில்தான். 1971-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வானொலி, தொலைக்காட்சியோடு நிற்காமல், வழிகாட்டும் ஆசிரியர்களையும் அமர்த்தியது. இந்தக் கட்டுரைக்கு மேலே பின்னூட்டமிட்ட ஒரு நண்பர், ‘சுய ஒழுக்கம் இல்லாதவர்களே தொலைதூரப் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படித்தவள் நான். என்னோடு சேர்ந்து பாதியில் விட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். அனுப்பிய ஒப்படைப்புகள் வெறும் மதிப்பெண்ணோடு திரும்பி வந்ததில் மனம் விட்டுப்போனவர்கள். எனக்கு ஒரு தாளில் மட்டும் ஓரமெல்லாம் குறிப்பெழுதித் தந்த ஆசிரியர் வாய்த்தார், அந்தப் பாடம்தான் இன்றுவரை மனத்தில் நிற்கிறது. காணொளிகளை மட்டும் ஏற்றிவிட்டுச் சான்றிதழ் தரும் இன்றைய படிப்புகளில் அந்த ஓரக்குறிப்பை எழுதுவது யார் என்பதைக் கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.