ஸ்டூப்பிட் என்று நாயைச் சொல்லவில்லை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் பழைய நிகழ்ச்சித் துணுக்குகளைப் போட்டேன். ஒன்றே ஒன்று என்றுதான் ஆரம்பித்தது, மணி மூன்றாகிவிட்டது. எல்லாமே 'ஸ்டூப்பிட் பெட் ட்ரிக்ஸ்': வீட்டுப் பிராணிகளை மேடைக்கு அழைத்து வந்து அசட்டு வித்தை காட்டவைக்கும் பகுதி. காலையில் நண்பரிடம் சொன்னால், "வாயில்லா ஜீவனை மேடையேத்தி ஸ்டூப்பிட்னு சொல்றதெல்லாம் ஒரு காமெடியா?" என்று கடிந்துகொண்டார். அவருக்கான பதில் நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இலக்கணம். அந்த 'ஸ்டூப்பிட்' பெட்டுக்கு அடைமொழி இல்லை, ட்ரிக்ஸுக்கு. அசட்டுத்தனம் வித்தையில் இருக்கிறது. அதை மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்த மனிதருக்கும் அதில் பங்கு உண்டு. நாய் பாவம், பிஸ்கட்டுக்காக வந்தது.

இந்த யோசனை லெட்டர்மேனுடையதும் இல்லை. அவருடைய தலைமை எழுத்தாளராக இருந்த மெரில் மார்க்கோவுடையது. 1980இல் என்பிசி சேனலில் அவர்கள் நடத்திய காலை நேர நிகழ்ச்சியில்தான் இது பிறந்தது. அந்த நிகழ்ச்சி நாலு மாதத்தில் மூடுவிழா கண்டது. 1982 பிப்ரவரியில் லெட்டர்மேன் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது இந்தப் பகுதியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. 1993இல் அவர் சிபிஎஸ் சேனலுக்கு மாறியபோதும் விடவில்லை. காலையில் காபியும் கையுமாக இருப்பவர்களுக்குப் பிடிபடாதது, அரைத் தூக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிடித்துவிட்டது. அது சரிதான். இந்த மாதிரி சங்கதிக்கு நடுராத்திரிதான் முகூர்த்த நேரம்.

ஆரம்பிக்கும்போது லெட்டர்மேன் ஒரு எச்சரிக்கை விடுவார்: இது போட்டி அல்ல, வெறும் காட்சிதான், தயவுசெய்து யாரும் பந்தயம் கட்டாதீர்கள். ஒலிம்பிக் அறிவிப்பு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். அப்புறம் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வருவார்.

வித்தை நடந்துவிட்டால் கைதட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கலாம். நடக்காதபோதுதான் எனக்குக் குஷி. விளக்கு வெளிச்சம், கேமரா, இத்தனை ஜனம். நாய் உட்கார்ந்து கொட்டாவி விடும். உரிமையாளர் குரலில் முதலில் கொஞ்சல், அடுத்து அதட்டல், கடைசியில் கெஞ்சல். "வீட்டில் நன்றாகச் செய்யுமே!" நம் வீட்டில் விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக்காட்டு கண்ணா" என்று குழந்தையை முன்னால் தள்ளிவிட்டு நிற்கும் அம்மாவின் முகம் அப்படியே அவரிடம் இருக்கும். லெட்டர்மேன் அவசரப்படுத்த மாட்டார். பேசாமல் மைக்கை வைத்துக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்துக்குத்தான் அரங்கம் சிரிக்கும். சிரிப்பு நாயைப் பார்த்து இல்லை.

அவருக்கு முன்பே ஜானி கார்சன் என்ற தொகுப்பாளரின் இரவு நிகழ்ச்சியில் இதே பாடம் நடந்திருக்கிறது. கார்சனுக்குத் துணையாக இருந்த எட் மக்மான் ஆல்போ நாய்த் தீனிக்கு நேரலையில் விளம்பரம் செய்வார். ஒருநாள் அழைத்து வந்த நாய் கிண்ணத்தைச் சீந்தவே இல்லை. சாப்பிட்டுக் காட்ட வேண்டிய நாய் நகர்ந்துவிட்டால் விளம்பரம் என்ன ஆவது? கோட்டும் டையுமாக இருந்த கார்சன் நாலுகாலில் தவழ்ந்து வந்துவிட்டார். மக்மான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். காசு கொடுத்து எழுத வைத்தாலும் அப்படி ஒரு நகைச்சுவை கிடைக்காது.

இன்றைய ரீல்ஸில் எனக்குக் குறைவது இதுதான். இருபது தடவை எடுத்து, சொதப்பியதை எல்லாம் வெட்டிவிட்டு, பூனைக்குக் கண்ணாடி மாட்டி, மேலே ஒரு பாட்டையும் ஒட்டி அனுப்புகிறார்கள். எல்லா மிருகமும் கச்சிதமாக நடிக்கிறது. பார்த்து 'அட' என்கிறேன், சிரிப்பு வருவதில்லை. 2024இல் நகைச்சுவை நடிகை சாரா சில்வர்மேனை வைத்து டிபிஎஸ் சேனல் அதே பெயரில் தனி நிகழ்ச்சியே தொடங்கியது. மணிக்கணக்கில் இதையே பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஊறுகாயைக் குழம்பாக ஊற்றிக்கொள்ள முடியுமா?

எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் போய் அடுப்படி வாசலில் உட்காரும். முதல் இரண்டுக்கும் காதைக்கூட அசைக்காது. நண்பருக்குக் காட்டலாம் என்று இன்று மத்தியானம் போனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். மூன்று விசிலும் அடித்தது. மணி எழுந்து, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.