கடலை மிட்டாய் நிறத்தில் ஒரு பந்து

முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு பந்துதான். மேலே வானம் மாதிரி நீலம், கீழே புல் மாதிரி பச்சை, ஒரு பக்கம் பஞ்சு மிட்டாய் ரோஸ், மறுபக்கம் கடலை மிட்டாய் நிறம். புத்தம் புதுப் பந்து. அதைப் போய் ஒரு பையன் எட்டயபுரம் ரோட்டில் வந்த காருக்கு அடியில் எறிந்துவிடுவான். டமார் என்று வெடித்துவிடும்.

எங்களுக்குக் கோவில்பட்டி. அப்பா மில் தொழிலாளி. எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. சின்ன வயதில் எனக்கு இழுப்பு அதிகம். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். அந்த ராத்திரிகளில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார். "அப்பா சின்னப் பையனா இருந்தப்போ..." என்றுதான் ஒவ்வொரு கதையும் ஆரம்பிக்கும். நாயாகப் போகிறேன் என்று நாள் பூராவும் நாலு காலில் அலையும் பையன், காலால் காதைச் சொறியப் பழகிப் பார்த்து முடியாமல் போவது இன்னொரு கதை. அதெல்லாம் அப்பாவே செய்த சேட்டைகள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் கையில் புத்தகம் இருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வீடு மாறியதில் புத்தகம் போய்விட்டது. கல்லூரிக்குப் போன பிறகுதான் தேடத் தொடங்கினேன். தேடியதெல்லாம் தப்பான இடத்தில். எட்டயபுரம் ரோடும் கடலை மிட்டாயும் வருகிற கதையை எங்கள் பக்கத்து ஆள்தானே எழுதியிருக்க முடியும்? கரிசல் எழுத்தாளர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் படித்தேன். அதனால் கிடைத்த லாபம் பெரிது, அது வேறு கதை. பந்து மட்டும் கிடைக்கவில்லை.

நூலகத்தில் போய்க் கேட்டால் முதல் கேள்வியே, "ஆசிரியர் பேர் என்ன?" அப்புறம், "தலைப்பு?" இரண்டும் தெரியாது என்றால் அத்தோடு முடிந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அட்டவணையில் இருப்பதே அவ்வளவுதான். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஆசிரியர் பெயரையா பார்க்கும்? அதன் மனதில் பந்து நிற்கும், நாய் நிற்கும், ஒரு படத்தின் மூலையில் கிடக்கும் செருப்பு நிற்கும். நாற்பது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது அதன் கையில் இருப்பதும் அதுதான். சிறுவர் நூல்களுக்கு மட்டுமாவது அட்டவணையில் கதையைப் பற்றி இரண்டு வரியும், படம் வரைந்தவர் பெயரும் சேர்த்து எழுத வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சென்னை கன்னிமாரா நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இருக்கும் என்று பலரும் சொன்னார்கள். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போக வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். நான் தேடியது இந்தியாவில் வெளியான புத்தகமே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதைச் சொன்னது அம்மா. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் ஏதோ பேச்சுவாக்கில் பந்துக் கதையைச் சொன்னேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ரஷ்யாப் புஸ்தகம்லா. வேன்ல வச்சு விப்பாங்கள்லா, அதுல ஒங்கப்பா வாங்கியாந்தது" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், வீட்டில் இருக்கிற அம்மாவிடம் கேட்கவே இல்லை. அப்பா இருந்தபோது அவரிடமும் கேட்கவில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

வேன் என்று அம்மா சொன்னது நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் புத்தக வண்டி. தென்மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகமும், 1982க்குப் பிறகு ராதுகாவும் தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய புத்தகங்கள் அதில் வரும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், விலையோ அடிமாட்டு விலை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவிலேயே போய் இருந்து மொழிபெயர்த்தார்கள். 1991இல் சோவியத் உடைந்ததும் வரத்து நின்றது.

அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த மாமா ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், "பந்தைக் கார் அடியில எறியிற கதை, மாமா" என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை, "அப்பா சிறுவனாக இருந்தபோது" என்றார். அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதியது. பரணில் இருந்து இறக்கிக் கொடுத்தார். முதுகுப் பக்கம் தையல் விட்டுப்போய்ச் சணல் போட்டுக் கட்டியிருந்தது.

அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து முன்னுரையைப் படித்தேன். ரஸ்கினின் மகள் சாஷாவுக்குச் சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு வந்துவிடும். காய்ச்சல், தொண்டை வலி, அப்புறம் தாங்க முடியாத காதுவலி. அந்த வலியை அவள் மறக்கட்டும் என்று, தான் சின்னப் பையனாக இருந்தபோது செய்த சேட்டைகளை அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். பந்தைக் கார் அடியில் எறிந்த கதைதான் அதில் முதலாவது.

அப்பா இந்த முன்னுரையைப் படித்திருக்கிறார். படித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கதை நடப்பது மாஸ்கோ பக்கம் பாவ்லோவ்ஸ்கி பசாத் என்ற ஊரில். எட்டயபுரம் ரோடெல்லாம் அப்பா போட்டது. பந்தின் பழுப்புப் பக்கம் சாக்லேட் மாதிரி இருக்குமாம். சாக்லேட் என்றால் அப்போது எனக்கு என்ன தெரியும்? அதனால் அதைக் கடலை மிட்டாய் ஆக்கியிருக்கிறார். ஒரு மில் தொழிலாளி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மூச்சு வாங்குகிற பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்று வரிக்கு வரி மாற்றிப் படித்திருக்கிறார். அந்த மொழிபெயர்ப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது. கேட்ட பிள்ளையின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும், அதுவும் அரைகுறையாக. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்களுக்குக் கதை படித்துச் சொன்னவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். என்ன புத்தகம், எங்கே வாங்கியது, எந்தக் கதையில் எதை மாற்றினார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

புத்தகத்தை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள் என்று மாமா கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பந்துக் கதையைப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பழுப்புப் பக்கம் சாக்லேட் மாதிரி என்ற இடம் வந்ததும் கை நின்றது.

"கடலை மிட்டாய்னுல்லா வரும்" என்றார். "சரியாப் படி."