தூங்கா நகரம் என்ற பெயர் யாருடையது?

மதுரையைப் பற்றி எதை எடுத்தாலும் முதல் பத்தியிலேயே 'கிழக்கின் ஏதென்ஸ்' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டுமனை விளம்பரம், கல்லூரி ஆண்டு மலர், வரவேற்புரை, எல்லாவற்றிலும். எனக்கு அந்தப் பட்டம் ஒருநாளும் ஒட்டியதே இல்லை. இந்த ஊரின் பெருமையைச் சொல்ல இன்னொரு ஊரின் பெயர் எதற்கு? பெயருக்கா பஞ்சம் இங்கே?

கூடல், நான்மாடக்கூடல், ஆலவாய், கடம்பவனம். இதெல்லாம் இலக்கியத்தோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். திண்டுக்கல்லில் இருந்து ரயிலில் வந்தால் மதுரைக்கு முந்தைய நிலையம் கூடல் நகர். கூடலழகர் கோயில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடம்பு இன்றைக்கும் மீனாட்சி கோயிலின் தல விருட்சம். ஊரின் எல்லை எது என்று தெரியாமல் போனபோது ஒரு பாம்பு தன் வாலைத் தன் வாயில் கவ்வி வளைந்து எல்லை காட்டியது, அதனால் ஆலவாய் என்று பெயர் வந்தது என்று திருவிளையாடல் சொல்லும். என் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது தரையில் விரலால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி கோயில். மாசி வீதிகளுக்குள் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

பெயர் கல்லில் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். அழகர்மலைக் குகையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி (பழைய தமிழ்-பிராமி) எழுத்துகள் இருக்கின்றன. அதில் ஊர்ப்பெயர் 'மதிரை' என்று வருகிறது. யாருடைய பெயரோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்: ஒரு பொன்கொல்லர். அதே குகையில் உப்பு வணிகர், துணி வணிகர், கொழு வணிகர் (கொழு என்றால் கலப்பையின் இரும்பு முனை), பாணித வணிகர் (பாணிதம் என்றால் வெல்லப்பாகு) என்று வரிசையாகப் பெயர்கள். முனிவர்கள் தங்கும் இடத்துக்குக் கொடை கொடுத்த கடைக்காரர்கள் இவர்கள். ராஜா பெயரைத் தேடிப் போன எனக்கு உப்பு விற்றவரின் பெயர் கிடைத்தது. அன்றிலிருந்து இந்த ஊரை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது.

ராஜாக்களும் இந்தப் பெயருக்கு ஆசைப்பட்டவர்கள்தான். 907-ல் பட்டமேறிய முதலாம் பராந்தக சோழன் பாண்டியனை ஜெயித்ததும் 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' என்று தன் கல்வெட்டுகளில் போட்டுக்கொண்டான். ஜெயித்தவனுக்கே பட்டமாகும் அளவுக்கு ஓர் ஊர்ப்பெயருக்கு மதிப்பு இருந்திருக்கிறது. அப்புறம் வெள்ளைக்காரன் காலத்தில் அது 'மதுரா'வாகி, அந்த எழுத்துக்கூட்டல் இன்றைக்கும் மதுரா கோட்ஸ் என்ற நூல் கம்பெனியின் பெயரில் தங்கியிருக்கிறது. 1866-ல் நகராட்சி, 1971-ல் மாநகராட்சி, அதுவும் தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து இரண்டாவது. பிறகு ஸ்மார்ட் சிட்டி. இவை நிர்வாகத்துக்கு வேண்டும், சரி. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் 'நாங்கள் மாநகராட்சிக்காரர்கள்' என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்தியது இல்லை.

'தூங்கா நகரம்' என்றால் நிமிர்த்துவோம். அதைப் பற்றித்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

அப்பா பஞ்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். மில் சங்கு ஊதினால் எங்கள் தெருவில் கடிகாரம் தேவையில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்புவார், காலையில் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி வந்து நிற்பார். புருவத்தில்கூட வெள்ளையாக இருக்கும். அவர் வேலை முடிந்து வருகிற வழியில் டீக்கடை திறந்திருக்கும், இட்லிக்கடை திறந்திருக்கும். அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்காகத்தான் அவை திறந்திருந்தன. மில் வேலைக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள், திருவிழாவுக்கு வந்து மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்தவர்கள். ஊர் வேடிக்கைக்காகக் கண்விழிக்கவில்லை, வேலை இருந்ததால் விழித்திருந்தது. இந்த ஒரு பெயரில் மட்டும்தான் என் அப்பாவுக்கு இடம் இருக்கிறது. ஏதென்ஸில் அவருக்கு என்ன இடம்?

இதற்கு மதுரைக்காஞ்சி என்ற சங்கப் பாட்டு சாட்சி. பகல் கடை நாளங்காடி, இரவுக் கடை அல்லங்காடி என்று இரண்டையும் மாங்குடி மருதனார் சொல்லிவிட்டு, ராத்திரியை யாமம் யாமமாகக் காட்டுகிறார். கடைகள் அடைக்கும் நேரம் வருகிறது. அங்கே ஒரு காட்சி. மெல்லிய அடையும் பிடித்த மோதகமும் வைத்து விற்கும் கூவியர் 'தூங்குவனர் உறங்க' என்கிறார். தங்கள் பண்டத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி ஆடி ஆடி உறங்குகிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இப்படி உட்கார்ந்து உறங்கியவரை நான் போன வாரம் நேரில் பார்த்தேன்.

மாட்டுத்தாவணிப் பக்கம், மணி ஒன்றரை. தட்டில் துணி விரித்து இட்லி ஊற்றும் ஓர் அக்கா. கடைசி ஈடு வெந்துகொண்டிருக்க, முக்காலியில் உட்கார்ந்து, கரண்டியைக் கையில் பிடித்தபடியே தலை சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறார். "அக்கா, நாலு இட்லி" என்றதும் கண்ணைத் திறக்காமலேயே இலைக்குக் கை போனது. நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் தூரத்தில் போலீஸ் விசில் சத்தம். அவ்வளவுதான், லைட்டை அணைத்து, வெந்த இட்லியோடு பாத்திரத்தைத் தள்ளுவண்டிக்கு அடியில் நகர்த்திவிட்டார். "தினமும் இப்படித்தான் தம்பி, சீக்கிரம் சாப்பிடுங்க" என்றார். இருட்டில் சாப்பிட்டேன்.

2019-ல் தமிழ்நாடு அரசு கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று ஆணை போட்டது. எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் அது பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகளுக்கு. அக்காவின் கடையில் அக்கா ஒருவர்தான். ஆக, கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடைக்கு ராத்திரி முழுக்க வழி இருக்கிறது, இந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்த அடுப்புகளுக்கு இல்லை. சாலையில் நெரிசல், சண்டை, பாதுகாப்பு என்று காரணங்கள் சொல்கிறார்கள். அவற்றை நான் தள்ளவில்லை. ஆனால் விளக்கு எரிகிற, நாலு பேர் நின்று சாப்பிடுகிற தெருதான் ராத்திரியில் ஒரு பெண் பயமில்லாமல் நடக்கக்கூடிய தெரு. விளக்கை அணைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று சொன்னால் எப்படி?

வழி இல்லாமல் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த மத்தியச் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த மேசையில் ராத்திரி நேரத்தையும் வைத்துப் பேசுங்கள். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலைய வாசல், இந்த நாலு இடத்திலாவது இரவுக் கடைக்கு என்று இடம் குறித்து, சீட்டு கொடுத்து, தண்ணீரும் குப்பைத்தொட்டியும் வைத்துக் கொடுங்கள். மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் இந்த முறை நான் இதைத்தான் கேட்கப் போகிறேன், நீங்களும் கேளுங்கள்.

அந்த அக்காவுக்குக் காசு கொடுத்தபோது சில்லறைக்காக செல்போன் வெளிச்சத்தில் டப்பாவைத் துழாவினார். வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் பெயிண்ட்டில் ஏதோ எழுதியிருந்தது தெரிந்தது. 'தூங்கா நகரம் இட்லிக்கடை'.